சூளையும் மலைப்பாதையும்: கரியமில வாயுச் சச்சரவில் எது முடிந்தது, எது முடியவில்லை

சேலத்தில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும் வாரங்களில் இந்த வாக்குவாதம் தவறாமல் கிளம்பும். எல்லாவற்றுக்கும் கரியமில வாயுதான் காரணம் என்பார் ஒருவர். காற்றில் பத்தாயிரத்துக்கு நாலு பங்கு இருக்கிற ஒரு வாயு என்ன செய்துவிட முடியும் என்று திருப்பிக் கேட்பார் இன்னொருவர். இரண்டு பேரும் நேர்மையாகத்தான் பேசுகிறார்கள். ஆனால் பேச்சு எங்கும் போய்ச் சேருவதில்லை. நான்கு தனித்தனிக் கேள்விகளை ஒரே கேள்வியாகச் சுருட்டி வைத்துக்கொண்டு பேசுவதுதான் அதற்குக் காரணம்.

இந்த வாயு வெப்பத்தைப் பிடித்து வைக்கிறதா? காற்றில் அது கூடியிருப்பது மனிதர்களாலா? அதனால் எத்தனை டிகிரி கூடும்? அதற்கு யார், என்ன செய்ய வேண்டும்? முதல் இரண்டும் அளந்து முடிக்கப்பட்டவை. மூன்றாவதற்கு ஒரு வரம்பு இருக்கிறது. அந்த வரம்புக்குள் இன்னும் ஆராய்ச்சி நடக்கிறது. நான்காவது பணமும் நியாயமும் அரசியலும் கலந்த கேள்வி. நான்காவதில் ஒருவருக்கு இருக்கும் கோபம் முதல் கேள்வி மீதான சந்தேகமாக வெளியே வருவதைத்தான் அதிகம் பார்க்கிறோம்.

வாயு எங்கிருந்து வந்தது என்பதிலிருந்தே தொடங்கலாம். சேலத்துக்காரர்களுக்கு அதற்கான கணக்கு கையெட்டும் தூரத்தில் இருக்கிறது. சேர்வராயன் மலையின் அடிவாரத்தில், கருப்பூர், வெள்ளக்கல்பட்டிப் பக்கம், கரும்பச்சைப் பாறைக்குள் வெள்ளைக் கோடுகளாக ஓடுவது மேக்னசைட். ஊரில் வெள்ளைக்கல் என்பார்கள். வெள்ளைக்காரர்கள் இந்த இடத்துக்குச் சுண்ணக்கட்டிக் குன்றுகள் என்ற பொருளில் பெயர் வைத்தார்கள். அது உண்மையில் சுண்ணாம்பே இல்லை, மக்னீசியம் கார்பனேட். எஃகு உலைகளின் உள்சுவருக்கான செங்கல் செய்ய இதைச் சூளையில் சுடுகிறார்கள். சுத்தமான வெள்ளைக்கல் 1,000 கிலோ உள்ளே போனால் 478 கிலோ மக்னீசியாதான் (மக்னீசியம் ஆக்சைடு) வெளியே வரும். மீதி 522 கிலோ கரியமில வாயுவாகப் புகைபோக்கி வழியே போய்விடுகிறது. கல்லில் சிலிக்கா கலந்திருந்தால் இந்த இழப்பு கொஞ்சம் குறையும். சூளையை எரிக்கும் உலை எண்ணெயிலிருந்து வருவது தனி: கிலோவுக்கு 3 கிலோவுக்கும் சற்று அதிகம். எரிக்கும் கார்பன் காற்றில் உள்ள ஆக்சிஜனைச் சேர்த்துக்கொள்வதால், எரிபொருளின் எடையை விட வாயுவின் எடை எப்போதும் கூடுதலாக இருக்கும். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் 2.7 கிலோ, 14.2 கிலோ சமையல் கேஸ் சிலிண்டர் ஒன்று தீர்ந்தால் 42 கிலோ. மேட்டூர் அனல் மின்நிலையத்தின் 600 மெகாவாட் அலகு ஒரு மணி நேரம் முழுத் திறனில் ஓடினால் 500 டன்னுக்கும் மேல்.

இப்படி உலகம் முழுவதும் எரித்தது, சுட்டது, காடு அழித்தது எல்லாவற்றையும் கூட்டினால், கடந்த பத்தாண்டுகளின் சராசரி ஆண்டுக்கு ஏறத்தாழ 4,000 கோடி டன். காற்றில் ஆண்டுதோறும் கூடுவது ஏறத்தாழ 1,900 கோடி டன்தான். பாதிக்கும் குறைவு. மீதியைக் கடலும் தாவரங்களும் மண்ணும் வாங்கிக்கொள்கின்றன. இந்தக் கணக்கின் விளைவைப் பலர் கவனிப்பதில்லை. நாம் விட்டதில் பாதிதான் காற்றில் தங்குகிறது என்றால், இயற்கை மொத்தத்தில் வாயுவை வாங்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். வாங்கிக்கொண்டிருப்பதே கூடுதலுக்கும் காரணமாக இருக்க முடியாது.

உடனே வரும் எதிர்க்கேள்வி: ‘கடலும் காடும் வெளிவிடுவது மனிதர்கள் விடுவதைப் போல இருபது மடங்கு ஆயிற்றே?’ ஆமாம். ஏறத்தாழ அந்த அளவை அவை திரும்ப எடுத்தும்கொள்கின்றன. மேட்டூர் அணையில் வரத்தும் திறப்பும் சமமாக இருந்தால், எவ்வளவு பெரிய வெள்ளம் வந்து போனாலும் மட்டம் அசையாது. வரத்தில் மட்டும் சிறு வாய்க்கால் ஒன்று கூடினால் நாளாக நாளாக மட்டம் ஏறும். ‘ஒரு கரியமில வாயு மூலக்கூறு காற்றில் நாலைந்து ஆண்டுதானே இருக்கிறது’ என்ற வாதத்துக்கும் இதே அணை பதில் சொல்லும். ஒரு குறிப்பிட்ட துளி அணையில் எத்தனை நாள் கிடக்கிறது என்பது வேறு, ஏறிய மட்டம் இறங்க எவ்வளவு காலம் ஆகும் என்பது வேறு. மூலக்கூறுகள் கடலோடு இடம் மாறிக்கொண்டே இருக்கும். கூடிப்போன அளவு குறைய நூற்றாண்டுகள் ஆகும், அதில் ஒரு பகுதிக்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகும்.

மூச்சுவிடும் வாதமும் இதில் அடங்கிவிடும். ஒரு மனிதர் ஒரு நாளில் ஏறத்தாழ ஒரு கிலோ வெளிவிடுகிறார். அந்தக் கார்பன் சோற்றிலிருந்து வந்தது. சோறு பயிரிலிருந்து, பயிர் அதே காற்றிலிருந்து. சுற்றி வருவதால் கூடுதல் இல்லை. நிலக்கரி அப்படிச் சுற்றி வந்தது இல்லை.

எரிபொருளின் கைரேகை காற்றிலேயே பதிந்திருக்கிறது. கார்பன் அணுவில் எடை வேறுபட்ட மூன்று வகைகள் உண்டு: 12, 13, 14. தாவரங்கள் கார்பன்-13-ஐ விடக் கார்பன்-12-ஐ அதிகம் விரும்பி எடுப்பவை. நிலக்கரியும் எண்ணெயும் பழைய உயிர்களின் எச்சம் என்பதால் அவற்றிலும் 13 குறைவு. கார்பன்-14 பல ஆயிரம் ஆண்டுகளில் சிதைந்துவிடுவதால் அது அவற்றில் அறவே இல்லை. காற்றில் 13-இன் விகிதம் தொடர்ந்து இறங்குகிறது. 14 நீர்த்துப்போவதை 1950-களிலேயே ஹான்ஸ் சூஸ் மர வளையங்களில் கண்டார். கூடவே காற்றில் ஆக்சிஜன் மிக மிகச் சிறிய அளவில் குறைந்து வருவதும் அளக்கப்படுகிறது. கடல் சூடாகி வாயுவை உமிழ்ந்திருந்தால் ஆக்சிஜன் இந்த அளவுக்குக் குறைந்திருக்காது, எரிந்ததால்தான் குறைந்தது. எரிமலைகள் எல்லாம் சேர்ந்து விடுவது மனிதர்கள் விடுவதில் நூற்றில் ஒரு பங்கைக் கூட எட்டாது.

தொழிற்புரட்சிக்கு முன் பத்து லட்சம் மூலக்கூறுகளில் 280. சார்லஸ் கீலிங் 1958-இல் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் அளக்கத் தொடங்கியபோது 315. 2024-இன் சராசரி 424-ஐத் தாண்டிவிட்டது. அண்டார்க்டிகாப் பனிக்கட்டியில் சிறைப்பட்ட காற்றுக் குமிழிகளில் எட்டு லட்சம் ஆண்டுகளின் பதிவு இருக்கிறது. அதில் இந்த எண் 300-ஐ ஒட்டி நின்றுவிடுகிறது. அதற்கு மேல் போனதில்லை.

ஏற்காட்டு மலைப்பாதையில் ஒரு இயற்பியல்

‘பத்தாயிரத்துக்கு நாலு’ வாதத்தின் பிழை, எதோடு ஒப்பிடுகிறோம் என்பதில் இருக்கிறது. உலர்ந்த காற்றில் 99 சதவீதம் நைட்ரஜனும் ஆக்சிஜனும். இரண்டுமே தரையிலிருந்து எழும் வெப்பக் கதிரைக் கிட்டத்தட்டத் தொடுவதே இல்லை. அந்தக் கதிரைப் பொறுத்தவரை அவை இருந்தும் இல்லாதவை. மீதியுள்ள ஒரு சதவீதத்துக்குள், நீராவியையும் சேர்த்துக்கொண்டு, யார் எவ்வளவு பிடிக்கிறார்கள் என்பதே கேள்வி. நீராவி ஏறத்தாழ பாதி, மேகம் கால், கரியமில வாயு ஐந்தில் ஒன்று, மற்ற வாயுக்கள் மீதி. இந்தப் போர்வை இல்லாவிட்டால் பூமியின் சராசரி மைனஸ் 18 டிகிரியாக இருக்கும். இருப்பதோ ஏறத்தாழ பிளஸ் 15.

அப்படியானால் நீராவிதானே பெரிய ஆள்? ஆள் பெரியவர்தான், ஆனால் தானாக முடிவெடுக்க மாட்டார். காற்று ஒரு டிகிரி சூடானால் ஏறத்தாழ 7 சதவீதம் கூடுதல் ஈரம் தாங்கும். குளிர்ந்தால் மழையாகச் சில நாளில் கொட்டிவிடும். எவ்வளவு நீராவி இருக்கலாம் என்பதை வெப்பநிலை தீர்மானிக்கிறது. கரியமில வாயு மழையாகக் கொட்டுவதில்லை. அது ஒரு அடி தள்ளினால் நீராவி இன்னொரு அடி சேர்த்துத் தள்ளும்.

ஐயப்படுவோரின் வாதங்களில் எனக்கு மிகவும் மதிப்புள்ளதாகத் தோன்றுவது ‘நிறைவு’ வாதம். இதை வெறும் அலட்சியமாகத் தள்ளக் கூடாது. கரியமில வாயு பிடிப்பது 15 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அலைநீளத்தைச் சுற்றியுள்ள கதிரை. அந்தப் பட்டையின் நடுவில் தரையிலிருந்து எழும் கதிர் சில பத்து மீட்டர்களுக்குள்ளேயே முழுக்க விழுங்கப்பட்டுவிடுகிறது. முழுக்க விழுங்கிய பிறகு இன்னும் வாயுவைச் சேர்த்து என்ன ஆகப் போகிறது? கரியமில வாயு இரட்டித்தால் பூமி எவ்வளவு சூடாகும் என்று ஸ்வான்டே அரேனியஸ் 1896-இல் கணக்கிட்டார். நட் ஆங்ஸ்ட்ரோம் 1900-இல், கரியமில வாயு நிரப்பிய குழாய் வழியே வெப்பக் கதிரைச் செலுத்திய ஒரு சோதனையை வைத்து இதே கேள்வியால் அதை மறுத்தார். அரை நூற்றாண்டு பெரும்பாலான விஞ்ஞானிகள் மறுப்பின் பக்கம்தான் நின்றார்கள். ஆகவே இந்தச் சச்சரவு அறிவியலுக்குள்ளேயே ஒருமுறை முழுமையாக நடந்து முடிந்தது.

மறுப்பு எங்கே தவறியது என்பதை அடிவாரத்திலிருந்து ஏற்காடு வரை ஏறிப் பார்த்தால் புரியும். சேலம் கடல் மட்டத்திலிருந்து 278 மீட்டர், ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர். கிலோமீட்டருக்குச் சராசரியாக 6.5 டிகிரி வீதம் காற்று குளிர்கிறது. அதனால் மேலே ஏறத்தாழ 8 டிகிரி குறைவு. ஏற்காட்டுக் குளிருக்கு முதற்காரணம் மரங்கள் அல்ல. மேலே போகப் போக அழுத்தம் குறைந்து காற்று விரிவதே காரணம். மரம் அதற்கு மேல் கொஞ்சம் உதவும்.

தரையிலிருந்து எழும் வெப்பக் கதிர் நேராக விண்வெளிக்குப் போவதில்லை. ஒரு அடுக்குக் காற்று விழுங்கும், தானும் சூடாகி மேலும் கீழும் கதிர்விடும், அடுத்த அடுக்கு விழுங்கும். இப்படிக் கைமாறி மேலே போய், தனக்கு மேல் தடுக்க ஆளில்லாத அளவு காற்று மெலிந்த உயரத்திலிருந்துதான் அது தப்பிக்கிறது. எல்லா அலைநீளங்களையும் சேர்த்துச் சராசரி பார்த்தால் அந்த உயரம் ஏறத்தாழ 5 கிலோமீட்டர். அங்கே வெப்பநிலை மைனஸ் 18. பூமி வெளியே அனுப்பும் வெப்பத்தின் அளவைத் தீர்மானிப்பது அந்த உயரத்தின் வெப்பநிலைதான். தரையருகே முதல் நூறு மீட்டரில் என்ன விழுங்கப்பட்டது என்பதற்கு இதில் வேலையில்லை.

இப்போது கரியமில வாயுவை இரட்டிப்பாக்குங்கள். மேலேயும் தடுக்கும் மூலக்கூறுகள் கூடிவிடுவதால், தப்பிக்கும் உயரம் 150 மீட்டர் அளவுக்கு ஏறுகிறது. மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டு மூன்று ஏறும் உயரம் அது. புதிய உயரத்தில் காற்று ஒரு டிகிரி குளிர்ச்சியாக இருக்கும். குளிர்ந்த காற்று குறைவாகவே கதிர்விடும். வெயிலாக வரும் வெப்பம் மாறவில்லை, வெளியே போவது குறைந்துவிட்டது. மிச்சப்படும் வெப்பம் கடலிலும் தரையிலும் சேர்ந்து, மேலே அந்தப் புதிய உயரம் பழைய மைனஸ் 18-ஐ எட்டும் வரை தரை முதல் முழுத் தூணும் சூடாகும். ஆங்ஸ்ட்ரோமின் குழாயில் இந்த உயரமும் இல்லை, உயரத்தோடு குளிரும் காற்றும் இல்லை. 1956-இல் கில்பர்ட் பிளாஸ் அடுக்கடுக்காகக் கணக்கிட்டுக் காட்டியபோதுதான் மறுப்பு விலகியது.

நிறைவு வாதத்தில் ஒரு பாதி சரி. பட்டையின் நடு நிறைந்துவிட்டதால், விளைவு நேர்விகிதத்தில் கூடுவதில்லை. ஒவ்வொரு இரட்டிப்புக்கும் ஒரே அளவுதான் கூடும்: 280-இலிருந்து 560-க்குப் போனால் எவ்வளவோ, 560-இலிருந்து 1,120-க்குப் போனாலும் அவ்வளவே. ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐ.பி.சி.சி.யின் கணக்கிலும் இந்த விதிதான் இருக்கிறது. இரட்டிப்புக்குச் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 4 வாட் தடுக்கப்படும் என்பது அதன் எண். காலநிலைக் கவலையைக் கடுமையாக மறுப்பவரான இயற்பியலாளர் வில்லியம் ஹாப்பர் தாமே கணக்கிட்டபோதும் 3 வாட் வந்தது. நெருப்பா இல்லையா என்ற சண்டை அங்கே இல்லை. எவ்வளவு சுடும் என்பதில்தான் இருக்கிறது.

இதெல்லாம் காகிதக் கணக்கும் இல்லை. 1970-இல் ஒரு செயற்கைக்கோளும் 1997-இல் இன்னொன்றும் பூமியிலிருந்து வெளியேறும் கதிரைப் பிரித்து அளந்தன. கரியமில வாயுவும் மீத்தேனும் விழுங்கும் அலைநீளங்களில், அந்தக் கதிரின் வரைபடத்தில் தெரியும் பள்ளம் ஆழமாகியிருந்தது. அமெரிக்காவில் ஓக்லஹோமாவிலும் அலாஸ்காவிலும் தரையிலிருந்து வானை நோக்கிய கருவிகள், 2000 முதல் 2010 வரை கரியமில வாயு 22 பிபிஎம் (பத்து லட்சத்தில் 22 பங்கு) கூடியதற்கு, கீழ்நோக்கி வரும் வெப்பம் சதுர மீட்டருக்கு 0.2 வாட் கூடியதைப் பதிவு செய்தன.

சூரியன்தான் காரணம் என்பதற்கும் தனிச் சோதனை உண்டு. சூரியன் பிரகாசமானால் வளிமண்டலம் மேலிருந்து கீழ்வரை எல்லாமே சூடாக வேண்டும். கரியமில வாயு காரணமென்றால் கீழடுக்கு சூடாகி, அதற்கு மேலுள்ள அடுக்கான ஸ்ட்ராட்டோஸ்பியர் குளிர வேண்டும். 1967-இல் சுகுரோ மனாபேயும் ரிச்சர்ட் வெதரால்டும் தங்கள் கணக்கில் இதைச் சொன்னார்கள். 1979 முதல் செயற்கைக்கோள்கள் அளந்ததில் மேலடுக்கு குளிர்ந்திருக்கிறது. மனாபேக்கு 2021-இல் நோபல் கிடைத்தது.

பனிக்கட்டிப் பதிவில் வெப்பம் முதலில், வாயு பின்னால் வருகிறதே என்பார்கள். பனியுகங்கள் முடிவதைத் தொடக்கி வைத்தது பூமியின் சுற்றுப்பாதை மாற்றம் என்பதில் யாருக்கும் மறுப்பில்லை. சூடான கடல் வாயுவை விட்டது, அந்த வாயு சூட்டைப் பெருக்கி உலகம் முழுவதும் கொண்டுபோனது. ஒருமுறை விளைவாக வந்த ஒன்று இன்னொருமுறை காரணமாக வர முடியாது என்று விதி எதுவும் இல்லை. இப்போது வாயுவை முதலில் விடுவது நாம்.

பள்ளிச் சோதனையும் கைக் கருவியும்

அறிவியல் கண்காட்சிகளில் தவறாமல் காணும் சோதனை ஒன்று: இரண்டு பாட்டில், ஒன்றில் சமையல் சோடாவும் வினிகரும் போட்டுக் கரியமில வாயு நிரப்பி, இரண்டுக்கும் ஒரே விளக்கு வெளிச்சம். வாயு உள்ள பாட்டில் சில டிகிரி அதிகம் காட்டும். கைதட்டுவார்கள். விடை சரி, காரணம் தவறு. கரியமில வாயு காற்றைவிட ஒன்றரை மடங்கு கனமானது. பாட்டிலின் அடியில் படுத்து, சூடான காற்று மேலெழுந்து வெளியேறுவதைத் தடுக்கிறது. அந்த வேறுபாட்டின் பெரும்பகுதி அதனால் வருவது. வெப்பக் கதிரை விழுங்காத, ஆனால் ஏறத்தாழ அதே அளவு கனமான ஆர்கான் வாயுவை நிரப்பினாலும் கிட்டத்தட்ட அதே எண் வரும். இதைப் பிடித்துக்கொண்டு ‘பாருங்கள், எல்லாம் ஏமாற்று’ என்று மறுப்பவர்கள் சொல்லும்போது ஆசிரியரிடம் பதில் இருப்பதில்லை. இந்தச் சோதனையைக் கைவிடுவதே நல்லது.

அதற்குப் பதில், கடையில் கிடைக்கும் அகச்சிவப்புத் தெர்மாமீட்டரை வானை நோக்கிக் காட்டச் சொல்லுங்கள். தெளிந்த வானத்தைக் காட்டினால் எண் சட்டென்று இறங்கும், தாழ்ந்த மேகத்தைக் காட்டினால் பல டிகிரி ஏறும். தலைக்கு மேலிருந்து வெப்பக் கதிர் வருகிறது என்பது மாணவருக்கு அங்கேயே தெரிந்துவிடும். ஒரு எச்சரிக்கை: இந்தக் கருவி 8 முதல் 14 மைக்ரான் வரையில்தான் பார்க்கும், 15-ஐப் பார்க்காது. ஆகவே அது காட்டுவது மேகத்தின், நீராவியின் வேலையை. கரியமில வாயுவின் வேலையைக் காட்டியதாகச் சொல்லிவிடக் கூடாது.

கரியமில வாயு மீட்டர் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. வாங்கும்போது அகச்சிவப்புக் கதிரால் அளப்பதா என்று பாருங்கள். மிக மலிவானவை வேறு ஏதோ வாயுக்களை அளந்து கரியமில வாயுவைக் கணித்துச் சொல்பவை. சரியான கருவிக்குள் ஒரு சின்ன விளக்கும், 4.26 மைக்ரான் அலைநீளத்தை மட்டும் பார்க்கும் ஒரு கண்ணும் இருக்கும். நடுவில் கரியமில வாயு கூடினால் கண்ணுக்கு வரும் கதிர் குறையும். சில சென்டிமீட்டர் நீளத்தில், பத்தாயிரத்துக்கு நாலு பங்கு வாயு, அளக்கக்கூடிய அளவு கதிரை விழுங்குகிறது. கருவி வேலை செய்வதே முதல் கேள்விக்கான பதில்.

ஆனால் இதை எடுத்துக்கொண்டு ஏற்காடு ஏறுபவர்கள் ஒரு பொறியில் விழுகிறார்கள். கருவி எண்ணுவது தன் முன்னே இருக்கும் மூலக்கூறுகளை. கடல் மட்ட அழுத்தமான 1,013 ஹெக்டோபாஸ்கல் என்று வைத்துக்கொண்டு அதை விகிதமாக மாற்றுகிறது. சேலத்தில் அழுத்தம் ஏறத்தாழ 980, ஏற்காட்டில் 850. உயரத் திருத்தம் செய்யாத கருவி, உண்மையில் 425 இருக்கும் இடத்தில், கீழே 410 என்றும் மேலே 360 என்றும் காட்டும். மரங்கள் வாயுவைக் குடித்துவிட்டன என்று உடனே முடிவு கட்டிவிடுவார்கள். அமைப்பில் உயரத்தைப் பதிந்துவிட்டால் வேறுபாடு போய்விடும். இந்த வாயு உலகெங்கும் நன்கு கலந்துவிடுவது. நடுப்பகலில் திறந்த வெளியில் சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் இடையே உண்மையில் இருக்கும் வேறுபாடு, இந்தக் கருவிகளின் பிழை வரம்பான 30 முதல் 50 பிபிஎம்முக்குள் மறைந்துவிடும்.

அளக்கும்போது கருவியை 15 நிமிடம் வெளியில் வைத்துவிட்டுப் படிக்க வேண்டும். காற்று வரும் திசையில் கருவியும் எதிர்ப்புறம் நீங்களும் இருக்க வேண்டும். வெளிவிடும் மூச்சில் 40,000 பிபிஎம் இருக்கிறது. விடியற்காலையில் காப்பித் தோட்டத்து நிழலுக்குள் அளந்தால் எண் கூடுதலாக வரும். இரவு முழுவதும் மண்ணும் மரமும் விட்ட மூச்சு, காற்றசைவில்லாமல் அங்கேயே கிடக்கும். இன்னொரு சிக்கல்: பல கருவிகள் சில நாளுக்கொருமுறை தாம் கண்ட மிகக் குறைந்த எண்ணை 400 என்று வைத்துக்கொண்டு தம்மைத் தாமே திருத்திக்கொள்ளும். மூடிய அறையிலேயே வைத்திருந்தால், அந்த அறையின் 700-ஐயே 400 ஆக்கிவிடும்.

வகுப்பறையில் 1,500 காட்டுகிறதே, அறை ஏன் சூடாகவில்லை என்ற கேள்வியும் வரும். நல்ல கேள்வி. அறையின் உயரம் 3 மீட்டர். தப்பிக்கும் உயரத்தை மாற்ற வேண்டுமென்றால் தலைக்கு மேலுள்ள பல கிலோமீட்டர் காற்றிலும் வாயு கூட வேண்டும். ஒரு அறைக்குள் கூடுவதால் எதுவும் ஆகாது.

இன்னும் முடியாதவை

மற்ற எதுவும் மாறாமல் கரியமில வாயு மட்டும் இரட்டித்தால் ஏறத்தாழ 1.1 டிகிரி. நீராவி சேர்ந்தால் அது கிட்டத்தட்ட இரட்டிக்கும். அதற்கு மேல் மேகங்கள். தாழ்ந்த மேகம் குறைந்தால் வெயில் கூடும், கூடினால் மறைக்கும். 1979-இல் ஜூல் சார்னி தலைமையிலான குழு 1.5 முதல் 4.5 டிகிரி என்றது. 2021-இல் ஐ.பி.சி.சி. 2.5 முதல் 4 வரை இருக்கக்கூடும், நடுமதிப்பு 3 என்று சுருக்கியது. ரிச்சர்ட் லின்ட்சென் போன்ற ஐயப்படும் விஞ்ஞானிகள் மேகங்கள் சூட்டைத் தணிக்கும் என்று வாதிட்டு மிகக் குறைந்த எண்ணைச் சொன்னார்கள். வந்த அளவீடுகள் அதை ஆதரிக்கவில்லை. 2025 ஜூலையில் அமெரிக்க எரிசக்தித் துறை, ஐயப்படுவோராக அறியப்பட்ட ஐந்து பேரைக் கொண்டு ஓர் அறிக்கை வெளியிட்டது. எண்பதுக்கும் மேற்பட்ட விஞ்ஞானிகள் நூற்றுக்கணக்கான பக்கங்களில் அதற்கு மறுப்பு எழுதினார்கள். அந்த ஐவரும்கூடக் கரியமில வாயு சூடாக்கும் என்பதை மறுக்கவில்லை. அவ்வளவு பாதிப்பு வராது என்பதே அவர்கள் வாதம்.

வெப்பநிலைப் பதிவே நகரங்களின் கான்கிரீட்டால் கெட்டுப்போனது என்ற சந்தேகத்துக்கும் மதிப்புக் கொடுத்துச் சோதித்தார்கள். இயற்பியலாளர் ரிச்சர்ட் முல்லர் ஐயப்படுபவராகத் தொடங்கி, பெர்க்லி எர்த் என்ற குழுவை அமைத்து, எல்லாப் பதிவுகளையும் புதிதாக ஆராய்ந்தார். நகரச் சூடு உலகச் சராசரியை மாற்றவில்லை, காரணம் மனிதர்களே என்று 2012-இல் எழுதினார்.

உலகச் சராசரியை மாற்றவில்லை என்பதால் சேலத்தை மாற்றவில்லை என்றாகாது. சேர்வராயன் மலை, நகரமலை, ஜருகுமலை, கஞ்சமலை என நாற்புறமும் மலை சூழ்ந்த ஊர். ஏரிகளும் தோப்பும் இருந்த இடத்தில் கட்டடமும் தாரும் வந்தால், பகலில் வாங்கிய சூட்டை இரவெல்லாம் விடும். ஆகவே ஒரு 41 டிகிரி நாளைக் காட்டி ‘இது முழுக்கக் கரியமில வாயு’ என்பவரும் தவறாகவே பேசுகிறார். உலகம் 2011–2020 பத்தாண்டில் 1.1 டிகிரி சூடாகியிருந்தது. அதற்கு மேல் ஊர் தானே சேர்த்துக்கொண்டது தனிக் கணக்கு. அதற்கு மருந்தும் தனி: நிழல், நீர்நிலை, வெள்ளைக் கூரை.

‘பயிருக்கு அது உரம்தானே’ என்பதும் பாதி உண்மை. காப்பி, குச்சிக்கிழங்கு, நெல் போன்றவை கூடுதல் கரியமில வாயுவில் கூடுதலாக வளரும். சோளமும் மக்காச்சோளமும் பெரிதாகப் பயன்பெறாது. நெல்லிலும் கோதுமையிலும் புரதம், துத்தநாகம், இரும்புச்சத்து குறைவதாக வயல்வெளிச் சோதனைகள் காட்டின. ஏற்காட்டின் அராபிகாவுக்கு உகந்தது சராசரி 18 முதல் 23 டிகிரி. அந்த வரம்பின் மேல்விளிம்பில் இருக்கும் தோட்டத்துக்குச் சூடு ஒரு டிகிரி கூடினால், வாயு தந்த உரத்தை அது எடுத்துக்கொண்டுவிடும். காப்பி பூக்கத் தேவையான பூ மழை தவறினாலும் அதே கதி.

இனி நான்காவது கேள்வி. இந்தியர் ஒருவரின் பங்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 2 டன், அமெரிக்கர் ஒருவருடையது 14 டன். இதுவரை எரித்த எரிபொருளின் மொத்தக் கணக்கில் அமெரிக்கா நாலில் ஒரு பங்கு, இந்தியா நூற்றில் நாலுக்கும் குறைவு. இதைச் சொல்லிக் கோபப்படுவதில் முழு நியாயம் இருக்கிறது. அந்தக் கோபத்துக்கு இயற்பியலை மறுக்கத் தேவையில்லை. உண்மையில் இயற்பியல் சரியென்றால்தான் அந்தக் கோபத்துக்கே வலு. 2026 ஜனவரி 1 முதல் ஐரோப்பிய ஒன்றியம் இரும்பு, எஃகு, அலுமினியம், சிமெண்ட் போன்ற இறக்குமதிகளுக்கு எல்லையில் கார்பன் கட்டணம் கணக்கிடுகிறது. எஃகு உருக்கும் இந்த மாவட்டத்துக்கு அது நேரடி விஷயம். ஒரு டன் சரக்குக்கு எத்தனை டன் வாயு என்ற தாள் கையில் இல்லாதவருக்கு அவர்களே முன்கூட்டி வைத்திருக்கும் அதிகமான இயல்பு எண்ணைப் போட்டுக் கணக்கிடுவார்கள்.

வெள்ளைக்கல் சூளைக்குச் சிக்கல் வேறு வகை. எண்ணெயை மாற்றலாம், சூரிய மின்சாரம் கொண்டுவரலாம். ஆனால் கல்லுக்குள்ளிருந்து வரும் அந்த 522 கிலோ எந்த எரிபொருளாலும் குறையாது. அதே சுரங்கங்களில் வெள்ளைக் கோடுகளைச் சுற்றி இருக்கும் டுனைட் பாறை எதிர்த்திசையில் வேலை செய்யக்கூடியது. அதிலுள்ள ஆலிவின் என்ற கனிமம், கரியமில வாயு கலந்த நீரோடு சேர்ந்து கார்பனேட்டாக மாறும். வெள்ளைக்கல் உருவானதே அப்படித்தான். வேதிக் கணக்கின்படி சுத்தமான மக்னீசிய ஆலிவின் ஒரு டன் 620 கிலோ வாயுவைப் பிடிக்கும். பாறை தானாகச் செய்யும்போது வேகம் மிகக் குறைவு. உலகின் சிலிக்கேட் பாறைகள் எல்லாம் சேர்ந்து ஆண்டுதோறும் பிடிப்பது மனிதர்கள் விடுவதில் நூற்றில் ஒரு பங்கு அளவுதான். வேகப்படுத்த மாவாக அரைக்க வேண்டும். டன்னுக்கு 100 யூனிட் மின்சாரம் ஆகிறதென்றால், இன்றைய இந்திய மின்கட்டமைப்பில் யூனிட்டுக்கு ஏறத்தாழ 0.7 கிலோ வீதம், அரைவைக்கே 70 கிலோ போய்விடும். அரைத்த மாவு முழுவதும் வினைபுரியாது. துகளின் மேல் சிலிக்காப் படலம் படிந்து உள்ளே போகும் வழியை அடைத்துக்கொள்ளும். சுரங்கத்தின் பழைய கழிவு மேடுகளில் ஏற்கெனவே பொடியாகக் கிடப்பதை ஈரப்படுத்திக் கிளறிவிட்டால் எவ்வளவு பிடிக்கும் என்பதை, அரைக்கும் செலவில்லாமல், ஒவ்வொரு பருவமழைக்கு முன்னும் பின்னும் மாதிரி எடுத்து அளந்துவிடலாம்.